கோனாக் காற்றும் கோடைக் காற்றும்

முப்பத்தொரு வருடம் காட்பாடிப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. இரண்டு மதிப்பெண் கேள்வி. பிள்ளைகள் மனப்பாடமாக எழுதிவிடுவார்கள், நானும் சரி போட்டுவிடுவேன். இப்போது ஜன்னலுக்கு வெளியே அடிப்பது எந்தக் காற்று என்று ஒரு நாளாவது கேட்டிருப்பேனா? கேட்டதில்லை. அதற்கு எனக்கு அறுபத்தொரு வயதாகி, ஓர் எரிமலைத் தீவுக்குப் போய், அங்கே மூச்சு முட்டி உட்கார வேண்டியிருந்தது.

மகளும் மருமகனும் ஹவாயில் இருக்கிறார்கள். அதில் 'பெரிய தீவு' என்று சொல்லும் தீவின் கிழக்குக் கரையில் ஹிலோ என்ற ஊர். மௌனா கேயா மலையுச்சியில் இருக்கும் தொலைநோக்கிகளுக்குக் கீழே ஹிலோவில் அலுவலகங்கள் உண்டு, மருமகனுக்கு அப்படி ஓர் இடத்தில் கம்ப்யூட்டர் வேலை. பேத்தி பிறந்ததும் 2022 அக்டோபரில் நான் மட்டும் கிளம்பினேன். வீட்டுக்காரருக்கு விமானம் ஆகாது. எனக்கு வீசிங் இருபது வருடமாகத் துணைக்கு இருக்கிறது. ஆஸ்துமா என்று டாக்டர் எழுதுவார், எங்கள் அம்மா இழுப்பு என்பார்.

போனதும் என்னைத் திணறடித்தது மழைதான். வேலூரில் வருடத்துக்கு ஆயிரம் மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்தால் நல்ல வருடம். ஹிலோவில் மூவாயிரத்துக்கு மேல். அந்த ஊர் மழைக்கே 'கனிலெஹுவா' என்று தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். லெஹுவா என்பது எரிமலைக் குழம்பு ஆறிய பாறையில் முதல் ஆளாக முளைக்கும் மரத்தின் சிவப்புப் பூ. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. துணி காயாதபோதுதான் கவிதை கசக்கிறது. பங்குனியில் எங்கள் மொட்டை மாடியில் காலையில் பிழிந்த வடாம் சாயங்காலம் கலகலவென்று உதிரும். அங்கே மூன்று நாள் கழித்துப் பார்த்தால் வடாமில் பூஞ்சை. நான் கொண்டுபோயிருந்த இன்ஹேலரும் மாத்திரைக் கூட்டைப் போட்டு உறிஞ்சும் வகை. அட்டையிலிருந்து பிரித்து ஒரு டப்பாவில் கொட்டி வைத்திருந்தேன், நம் ஊர்ப் பழக்கம். ஈரத்தில் உள்ளே இருந்த பொடி கட்டிப்போய், உறிஞ்சினால் பாதிதான் வந்தது. இது தெரியவே எனக்குப் பத்து நாள் ஆயிற்று. ஈர ஊருக்குப் போகிறவர்கள் கூட்டை அட்டையிலேயே வைத்திருங்கள், வேண்டும்போது ஒன்றைப் பிரித்தால் போதும். அழுத்தினால் புஸ்ஸென்று வரும் வகையும், அந்த மருந்தைப் பிடித்துவைத்து நிதானமாக உறிஞ்ச உதவும் ஸ்பேசர் என்ற குழாயும் கூடவே எடுத்துப்போவது இன்னும் நல்லது.

அந்தத் தீவில் வருடத்தில் பெரும்பாலான நாள் வடகிழக்கிலிருந்து ஒரு காற்று வீசுகிறது. வணிகக் காற்று என்று பூகோளப் பாடத்தில் படித்திருப்போம், அதுதான். கடலிலிருந்து ஈரத்தை அள்ளிவந்து நாலாயிரம் மீட்டருக்கு மேல் நிற்கும் இரண்டு மலைகளில் மோதி, மழையை ஹிலோவில் கொட்டிவிடும். மலைக்கு மறுபக்கம் கோனா, வறண்ட பூமி. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் கேரளா நனைய, இந்தப் பக்கம் நாம் காய்வது போல. கோடை மாதங்களில் இந்தக் காற்று விடாமல் அடிக்கும். நவம்பருக்கு மேல் அடிக்கடி சோர்ந்துபோகும். அப்போது தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் கிளம்பும் காற்றுக்குக் கோனாக் காற்று என்று பெயர். கோனா என்றால் அவர்கள் பாஷையில் காற்று மறைவுப் பக்கம். நமக்கு மேற்கிலிருந்து, மலையின் மறைவுப் பக்கமாக இறங்கி வருவது கோடை. ஒலி ஒத்துப்போகிறதே என்று மொழி ஆராய்ச்சியில் இறங்கிவிடாதீர்கள், தற்செயல்தான். ஆனால் எனக்கு நினைவில் வைக்க வசதியாக இருந்தது.

நவம்பர் 27 ராத்திரி. ஒரு மணிக்கு மேல் போன் அடிக்கிறது. வேலூரில் மறுநாள் மாலை நேரம், பதினைந்தரை மணி நேர வித்தியாசம். "உங்க ஊரு மலை வெடிச்சிடுச்சாமே, தூங்கிக்கினு இருக்கியா?" என்கிறார் வீட்டுக்காரர். டிவியில் பார்த்தாராம். எழுந்து வெளியே போனால் மேற்கு வானம் கொல்லன் உலை மாதிரி சிவந்து கிடக்கிறது. மௌனா லோவா, 4,169 மீட்டர் உயர மலை, 1984க்குப் பிறகு அன்றைக்குத்தான் மறுபடி வெடித்தது. பக்கத்திலேயே கிலவேயா என்ற இன்னொரு எரிமலை, அது ஏற்கெனவே உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. எனக்குக் கை கால் நடுங்கிற்று. பக்கத்து வீட்டு ஆன்ட்டியோ (அங்கேயும் பெரியவர்களை ஆன்ட்டி, அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறார்கள்) நாற்காலியைத் தூக்கிப்போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். குழம்பு ஊர்ப்பக்கம் வர நாளாகும் என்று அவருக்குத் தெரியும். வரவும் இல்லை. நெடுஞ்சாலைக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கையிலேயே நின்றுபோய், இரண்டு வாரத்துக்குள் எல்லாம் அடங்கிற்று.

நடுவில் ஒரு நாள் காரில் வரிசையில் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். திரும்பியதும் கார்க் கண்ணாடியில் பொன் நிறத்தில் ஒன்றிரண்டு முடி ஒட்டியிருந்தது. உருகிய பாறை காற்றில் இழுபட்டு நூலாகிப்போன கண்ணாடி அது. எரிமலைத் தெய்வத்தின் பெயரால் 'பெலேயின் கூந்தல்' என்கிறார்கள். வைப்பரைப் போடாதே, கண்ணாடி கீறிவிடும், தண்ணீரை ஊற்றிக் கழுவு, கையால் தொட்டுவிட்டுக் கண்ணைக் கசக்காதே என்றார் ஆன்ட்டி.

இவ்வளவு கூத்திலும் எனக்கு மூச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. புகையைக் காற்று வேறு பக்கம் கொண்டுபோய்விட்டது. பயந்த நாளில் வராத வீசிங், எல்லாரும் எரிமலையை மறந்த ஜனவரியில் வந்தது.

கிலவேயா டிசம்பரில் ஓய்ந்து, 2023 ஜனவரி 5ஆம் தேதி மறுபடி தொடங்கியிருந்தது. பள்ளத்துக்குள்ளேயே குழம்பு ஊறுவதால் யாரும் பெரிதாகப் பேசவில்லை. சில நாள் கழித்து ஒரு காலை, மழையே இல்லை. வெயில் அடிக்கிறது. தென்னங்கீற்று அசையவில்லை. மாதக்கணக்கில் நனைந்துகிடந்த எனக்கு வேலூருக்கே வந்துவிட்ட மாதிரி சந்தோஷம். பேத்தியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு கடலோரம் இருக்கும் லிலியுவோகலானி தோட்டத்துக்கு நடந்தேன். அங்கிருந்து தினமும் தெரியும் மௌனா கேயா அன்று தெரியவில்லை. வெயில் காலைப் பனி என்று நினைத்துக்கொண்டேன். இருபது நிமிடம் நடந்திருப்பேன், தொண்டையில் அரிப்பு, நாக்கில் ஒரு புளிப்பு. தீபாவளிக்கு மறுநாள் விடியற்காலை தெருவில் நடந்தால் அடிக்குமே அந்தக் கந்தக வாடை, லேசாக. அப்புறம் நெஞ்சு இறுகிவிட்டது. கைப்பையில் கையை விட்டால் இன்ஹேலர் இல்லை. அது இன்னொரு பையில், வீட்டில்.

மகள் வந்து காரில் அள்ளிப்போட்டு ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோனாள். நெபுலைசர் வைத்தார்கள், ஒரு மணி நேரத்தில் சரியாயிற்று. பில்லைப் பார்த்ததும் மறுபடி இழுத்தது. பயணக் காப்பீடு எடுத்துத்தான் போயிருந்தேன். 'ஏற்கெனவே இருந்த நோய்' என்று கை விரித்துவிட்டார்கள். பாலிசியில் பொடி எழுத்தில் அது இருந்தது, நான்தான் படிக்கவில்லை. பிள்ளைகள் எழுதிய விடைத்தாளை வரிவரியாகப் படித்தவள் என் சொந்தத் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வீசிங், சர்க்கரை, பிரஷர் எது இருந்தாலும் வாங்கும்போதே வாய்விட்டுக் கேளுங்கள்: இது திடீரென்று அதிகமானால் கொடுப்பீர்களா, எவ்வளவு வரைக்கும்?

அந்த கிளினிக் நர்ஸ் பத்து நிமிடத்தில் விளக்கியதுதான் இன்றுவரை கைகொடுக்கிறது. எரிமலையிலிருந்து கந்தக டை ஆக்ஸைடு வாயு வருகிறது. அது காற்றில் போகப் போக ஈரத்தோடும் வெயிலோடும் சேர்ந்து மிக நுண்ணிய துகளாக மாறி, மங்கலாகத் தொங்கும். இதற்கு 'வோக்' என்று பெயர், எரிமலைக்கான ஆங்கிலச் சொல்லையும் பனிமூட்டத்துக்கான சொல்லையும் ஒட்டவைத்துச் செய்த பெயர். எரிமலைக்குக் கிட்டத்தில் வாயு அதிகம், தூரத்தில் துகள் அதிகம். வாயு மூக்குக்குத் தெரியும். துகளுக்கு வாடையே கிடையாது. ஆகையால் வாடை இல்லை, காற்று சுத்தம் என்று நினைக்கக் கூடாது. ஆஸ்துமாக்காரர்களுக்கு அந்த வாயு கொஞ்சம் போனாலும் சில நிமிடத்தில் மூச்சுக்குழாய் சுருங்கிவிடும். வேகமாக நடந்தால் இன்னும் சீக்கிரம். நான் செய்தது சரியாக அதுதான்.

மாஸ்க்கைப் பற்றியும் கேட்டேன். கொரோனா காலத்து என்-95 ஒரு பை நிறைய வைத்திருந்தேன். துகளுக்கு அது உதவும், வாயு அதில் புகுந்து வந்துவிடும் என்றார். ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு கிளம்புவதும் அப்படியே. நல்ல வழி உள்ளேயே இருப்பது, ஏசி இருந்தால் வெளிக்காற்றை இழுக்காமல் உள்காற்றையே சுற்றவிடுவது. மகள் வீட்டில் இதிலும் ஒரு சிக்கல். அங்கே பல வீடுகளில் நம் பழைய பாத்ரூம் ஜன்னல் போல வரிசையாகக் கண்ணாடிப் பட்டை வைத்த ஜன்னல். எவ்வளவு இறுக்கினாலும் இடுக்கு இருக்கும். ஒரே ஓர் அறையில் ஜன்னலைப் பிளாஸ்டிக் தாளும் டேப்பும் போட்டு அடைத்து, காற்று வடிகட்டும் மெஷினை அங்கே வைத்தோம். வீடு முழுக்க அடைப்பது ஆகாத காரியம், ஓர் அறை போதும்.

கேட்டால், அதற்கு முந்தின நாளே ஆன்ட்டி மகளிடம் "கோனாக் காற்று வரப்போகிறது" என்று சொல்லியிருக்கிறார். மழைக்காகச் சொல்கிறார் என்று இவள் விட்டுவிட்டாள். வணிகக் காற்று இருக்கும்வரை கிலவேயாவின் புகை தென்மேற்கே போய், தீவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு கோனாப் பக்கம் சேரும். அந்தக் காற்று நின்றுவிட்டால் புகை ஹிலோவுக்கு வரும். அதாவது ஹிலோவில் மழையில்லாத, காற்றில்லாத 'நல்ல' நாள்தான் என்னைப் போன்றவளுக்குக் கெட்ட நாள். அதற்குப் பிறகு காலையில் நான் பார்த்தது மூன்று: தென்னங்கீற்று எந்தப் பக்கம் சாய்கிறது, மலை தெரிகிறதா, போனில் வோக் நிலவரம் என்ன நிறம். மூன்றில் ஒன்று சரியில்லை என்றால் தள்ளுவண்டி வெளியே போகாது. ஏப்ரலில் கிளம்பும்வரை இன்னொரு தடவை வீசிங் வரவில்லை.

மகளின் சிநேகிதி ஒருத்தி ஹிலோவுக்கு வெளியே, அந்தத் தீவிலேயே பூனா என்ற பகுதியில் இருக்கிறாள். அங்கே நிறைய வீடுகளில் குழாய்த் தண்ணீர் கிடையாது, கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்துத்தான் பிழைப்பு. எரிமலைப் புகையால் அந்த மழை புளித்து, பழைய கூரையிலும் குழாயிலும் இருக்கும் ஈயத்தைக் கரைத்துக்கொண்டு வந்துவிடுமாம். அதனால் குடிக்க மட்டும் வெளியிலிருந்து பிடித்து வருகிறாள். 2003இல் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்புக் கட்டாயமானபோது, முதல் மழையை விட்டுவிடுங்கள் என்று கொத்தனார் சொன்னது ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் அந்தக் குழாயின் மூடி எப்போதோ உடைந்துபோய் அப்படியே கிடக்கிறது.

2023 ஏப்ரல் கடைசியில் ஊர் வந்து சேர்ந்தேன். நாலு நாளில் அக்னி நட்சத்திரம். வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு என்று நம்மை நாமே கிண்டல் செய்துகொள்வோம். அந்த மரமில்லாத மலைதான் விஷயம். பகலெல்லாம் பாறை வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு நம் மேல் மூச்சு விடும். சுவரில் கையை வைத்தால் அடுப்பு மேடை மாதிரி. ஆனால் எனக்கு அந்த மே மாதம் மூச்சுக்குத் தொந்தரவே இல்லை. முன்னால் அதை யோசித்ததில்லை. வருடா வருடம் எனக்கு இழுப்பு வருவது மார்கழி, தையில். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் நம்பி மப்ளர் கட்டிக்கொள்வேன்.

மொட்டை மாடிக் கொடிக்கம்பத்தில் பழைய வேட்டியிலிருந்து ஒரு முழம் கிழித்துக் கட்டினேன். வீட்டுக்காரர் சிரித்தார். பத்து நாள் கழித்துப் பார்த்தால் காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் அவரே பென்சிலால் எழுதிவைக்கிறார்: 'கோடை', 'கொண்டல்', காற்றே இல்லாவிட்டால் ஒரு சுழி. நான் மூச்சு எப்படி என்று பக்கத்தில் குறிப்பேன்.

ஆடியில் மேற்கிலிருந்து அடித்தது. அம்மியே பறக்கும் காற்று என்பார்கள். அம்மி பறக்கவில்லை, பாலாற்று மணலும் நெடுஞ்சாலைத் தூசியும் பறந்து வீடெல்லாம் நறநற. தும்மல் உண்டு, இழுப்பு இல்லை. காற்று நிற்காததால் தூசியும் தங்கவில்லை. சாயங்காலம் இடி மழை வந்தால் ஒரே கழுவல். ஐப்பசி, கார்த்திகையில் கொண்டல், மழை. அந்த இரண்டு மாதமும் என் பக்கத்துக் குறிப்பு காலி. மார்கழி பிறந்ததும் வரிசையாகச் சுழி, சுழி, சுழி. பக்கத்திலேயே 'இழுப்பு', 'இழுப்பு'.

பனி ஒன்றும் செய்யவில்லை. ராத்திரி தரை குளிர்ந்து, சுற்றிலும் மலை மறித்த பள்ளத்தில் குளிர்காற்று அசையாமல் கிடக்கிறது. மேலே சூடான காற்று மூடி போட்டுவிடுகிறது. அதற்குள் விடியற்காலையில் நாம் எரிப்பதெல்லாம்: தெருமுனைக் குப்பை, வாசலில் கூட்டிய இலை, வெந்நீர் அடுப்பு, ஊருக்கு வெளியே செங்கல் சூளை, கரும்புச் சருகு. எல்லாம் தலை உயரத்தில் தொங்கும். வெயில் ஏறித் தரை சூடாகி ஒன்பது, ஒன்பதரைக்கு மேல்தான் மூடி திறக்கும். எரிமலை இல்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

நாங்கள் மாற்றிக்கொண்டது பெரிதாக ஒன்றும் இல்லை. கோட்டையைச் சுற்றி நடப்பது சித்திரை, வைகாசியில் ஐந்து மணிக்கு. மார்கழி, தையில் ஒன்பதரைக்கு மேல். வீட்டுக்காரருக்கு இது பிடிக்கவேயில்லை. "அஞ்சு மணிக்கு நடக்கிறதுதான் நடை, ஒம்பது மணிக்கு நடந்தா அது பேங்க் வேலை" என்பார். குளிர்கால விடியலில் ஜன்னலைத் திறந்து 'சுத்தமான காற்றை' உள்ளே விடும் வழக்கத்தை நிறுத்தினோம், மத்தியானம் திறக்கிறோம். டாக்டர் தினமும் எடுக்கச் சொன்ன தடுப்பு இன்ஹேலரை நன்றாக இருக்கும்போது நிறுத்திவிடும் புத்திசாலித்தனத்தையும் விட்டேன். கார்த்திகையிலேயே போய் அவரைப் பார்த்து, இழுப்பு வந்தால் எதை எத்தனை தடவை, எப்போது ஆஸ்பத்திரி என்று ஒரு தாளில் எழுதி வாங்கி பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். அவசர இன்ஹேலர் இரண்டு: ஒன்று கைப்பையில், ஒன்று பிரிட்ஜ் மேல் கூடையில்.

காற்றுத் தரத்தைப் போனில் பார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முதலில் நான் ஏமாந்தேன். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் 100 என்று காட்டினால் 'திருப்திகரம்'. அந்த எண் நுண்துகளால் வந்தது என்றால், நுண்துகள் ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்று அதற்கு அர்த்தம். அமெரிக்கக் கணக்கில் அதே 60 மைக்ரோகிராமுக்கு எண் 150ஐத் தாண்டிவிடும், 'எல்லாருக்கும் கெடுதல்' என்று சிவப்பில் வரும். காற்று ஒன்றுதான், அளவுகோல் வேறு. வெளிநாட்டுச் செயலிகள் சிலவற்றில் அமெரிக்க எண் வரும். எந்தக் கணக்கு என்று பார்க்காமல் மகள் சொல்லும் எண்ணையும் நீங்கள் பார்க்கும் எண்ணையும் ஒப்பிட்டு போனில் சண்டை போடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஒரு நாளைக்கு 15 மைக்ரோகிராம் போதும் என்று சொல்லிவிட்டது. நெஞ்சு சரியில்லாதவர்கள் 'திருப்திகரம்' என்ற சொல்லில் அவ்வளவு திருப்தி அடைய வேண்டாம்.

எதிர்வீட்டு அண்ணன் தினமும் ஆறு மணிக்கு வேப்பஞ்சருகு கொளுத்துவார். எரிக்காதீங்க என்று சொல்லிச் சொல்லி மனஸ்தாபம்தான் மிச்சம். அப்புறம் வேறு மாதிரி கேட்டுப் பார்த்தேன்: "அண்ணா, சருகைக் குடுங்க, எங்க செடிக்கு எருக்குழி போடறேன்." இப்போது சாக்குப்பையில் கட்டி அவரே கொண்டுவந்து வைக்கிறார். குழி நிரம்பி வழிகிறது, அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

போகிக்கு மட்டும் இந்தத் தந்திரம் எடுபடாது. ஊரே கொளுத்தும். அதனால் 2024 போகிக்கு முந்தின நாளே ஏலகிரியில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டோம். பதினாலு கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர். நான் வாய்விட்டுப் படித்துக்கொண்டே போக, ரிட்டயர் ஆகியும் பாடம் எடுக்கிறாள் என்றார் வீட்டுக்காரர். மறுநாள் காலை ஏழு மணிக்கு மலை விளிம்பில் நின்று பார்த்தோம். எங்கள் தலைக்கு மேல் வானம் கழுவிவிட்ட நீலம். கீழே சமவெளி முழுக்க, காய்ச்சிய பாலில் ஆடை படிந்தது போல, பழுப்பாக ஒரே மட்டத்தில் புகை. தென்னை உச்சியும் ஒரு செல்போன் கோபுரமும்தான் அதைக் கிழித்துக்கொண்டு நின்றன. இவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "இவ்ளோ வருஷமா இதுக்குள்ளதான் வாக்கிங் போனமா?" என்றார்.

பதினொரு மணிக்கு ஆடை கலைந்து கரையத் தொடங்கிற்று. சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு மேல் இறங்கினோம்.